அல்பரீன்யோ: எதை வாங்குவது, எப்படிக் குளிர்விப்பது, எதோடு பரிமாறுவது

ஸ்பெயினின் வெள்ளை ஒயின்களில் புத்துணர்ச்சியாகவும் புளிப்பு தூக்கலாகவும் இருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள், அதோடு என்ன சமைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள் என்பது கேள்வி. ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அது அல்பரீன்யோ. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே, அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கும் கலீசியாவில் ரீயாஸ் பைஷாஸ் என்றொரு ஒயின் பகுதி இருக்கிறது. அங்கே விளையும் திராட்சைக்கும் அதிலிருந்து எடுக்கும் ஒயினுக்கும் அல்பரீன்யோ என்ற ஒரே பெயர்தான். ஆனால் 'கடல் உணவுக்கு அல்பரீன்யோ' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பினால் பலர் ஏமாந்துதான் போவார்கள். ஏனென்றால் இந்தப் பெயரில் இரண்டு குணமுள்ள ஒயின்கள் விற்கின்றன. கையில் இருப்பது எது என்று தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

முதலில் அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ரீயா என்பது கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து நிற்கும் கழி. இந்தக் கழிகளின் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. நாம் நினைக்கும் வெயில் காயும் ஸ்பெயின் இது இல்லை. மண் கருங்கல் சிதைந்து உண்டான மணல். தண்ணீர் தேங்காது, இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்றோட்டம் கிடைப்பதற்காகக் கொடியைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஏற்றி, கருங்கல் தூண்களின் மேல் பந்தலாகப் படரவிடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. கோடை மிதமாகவே இருப்பதால் பழம் பழுத்த பிறகும் புளிப்பு இறங்குவதில்லை. லிட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரை அமிலம், 12 முதல் 13.5 சதவீதம் ஆல்கஹால், நாக்குக்குத் தெரியாத அளவில் சர்க்கரை என்பது பொதுவான கணக்கு. மணத்தில் எலுமிச்சைத் தோல், பீச், ஏப்ரிகாட், சில சமயம் வெள்ளைப் பூ. விழுங்கிய பிறகு வாயோரத்தில் மெல்லிய உப்புச் சாயல் நிற்கும். கடல் காற்றுதான் அதற்குக் காரணம் என்று விளம்பரங்கள் சொல்லும். கூரான புளிப்பும் அடியில் இருக்கும் இலேசான கசப்பும் சேர்ந்தே அந்த எண்ணத்தைத் தந்துவிடும் என்பது என் கணிப்பு.

இப்போது அந்த இரண்டு வகை. முதலாவது இளசு. இலையுதிர்காலத்தில் அறுவடை செய்து, எஃகுத் தொட்டியில் குளிர்ந்த வெப்பநிலையில் நொதிக்க வைத்து, அடுத்த வசந்தத்திலேயே புட்டியில் அடைத்துவிடுவார்கள். வெளிர் மஞ்சள், பழ மணம், சுருக்கென்ற புளிப்பு. ஊற்றும்போது சின்னச் சின்னக் குமிழிகூடத் தெரியலாம். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, நொதித்தலில் தங்கிய கரியமில வாயு. இரண்டாவது வகையில், நொதித்து முடித்து அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே ஒயினை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். வண்டலை அவ்வப்போது கலக்கிவிடுவதும் உண்டு. ஈஸ்ட் செல்கள் உடைந்து வெளிவிடும் பொருள்கள் ஒயினுக்குக் கனமும் வழவழப்பும் தருகின்றன. புளிப்பு அப்படியே இருந்தாலும் அதன் முனை மழுங்கிவிடுகிறது. ரொட்டி, பாதாம் போன்ற மணம் சேர்கிறது. இந்த வகைப் புட்டியில் பெரும்பாலும் 'சோப்ரே லீயாஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள், 'வண்டலின் மேல்' என்று பொருள். 'பரீக்கா' என்று இருந்தால் ஓக் பீப்பாயில் வைத்தது. கடல் உணவுக்காக வாங்குபவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். ஓக்கின் மணம் சிப்பியின் இனிப்பை மூடிவிடும்.

லேபிளில் இன்னும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, 'அல்பரீன்யோ' என்ற சொல். ரீயாஸ் பைஷாஸ் விதிப்படி அந்தச் சொல் இருந்தால் புட்டியில் உள்ளது முழுக்க அந்தத் திராட்சைதான். அந்தச் சொல் இல்லாமல் பகுதியின் பெயர் மட்டும் இருந்தால் லொவ்ரெய்ரா, ட்ரெய்ஷதூரா, கைன்யோ பிளாங்கோ போன்ற உள்ளூர்த் திராட்சைகள் கலந்திருக்கலாம். அது குறை ஒன்றுமில்லை. மீன்யோ ஆற்றங்கரையில் உள்ள ஓ ரொசாலின் தெர்ராஸ் கௌதா இப்படிப்பட்ட கலவைதான், நல்ல ஒயின்.

இரண்டாவது, உட்பகுதியின் பெயர். மொத்தம் ஐந்து: வால் தோ சல்னேஸ், கொந்தாதோ தோ தேயா, ஓ ரொசால், 1996-இல் சேர்ந்த சோத்தோமயோர், 2000-இல் சேர்ந்த ரிபெய்ரா தோ உய்யா. சல்னேஸ் கடலை ஒட்டியது, மற்றவற்றைவிடக் குளிர்ந்தது. கூர்மையான புளிப்பு வேண்டுமென்றால் அங்கிருந்து வந்ததை எடுங்கள். கொந்தாதோ உள்நாட்டில் வெயில் அதிகம் விழும் இடம். அங்கே பழம் நன்கு கனிவதால் ஒயின் சற்றுக் கனமாக இருக்கும். மூன்றாவது, அறுவடை ஆண்டு. இளசு வகையென்றால் அந்த ஆண்டிலிருந்து இரண்டு, அதிகம் போனால் மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். நான்கைந்து ஆண்டாகக் கடைத் தட்டில் நின்ற இளசு அல்பரீன்யோவைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழ மணம் போய்ப் புளிப்பு மட்டும் எஞ்சியிருக்கும். வண்டல் வகை அப்படியில்லை, ஐந்து முதல் பத்து ஆண்டு வரை நின்று முதிரும்.

பெயர் சொல்லி வாங்க நினைப்பவர்களுக்கு: மார்த்தின் கோதாக்ஸ் 1986-இல் கம்பாதோஸ் ஊரில் தொடங்கிய கூட்டுறவு. பல நாடுகளில் எளிதாகக் கிடைக்கும், இளசு வகைக்கு நம்பகமான தொடக்கம். (13-ஆம் நூற்றாண்டில் வீகோ கடலைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடிய கவிஞன் ஒருவனின் பெயர் அது.) பாலாசியோ தெ ஃபெஃபின்யானெஸ், சாராத்தே இரண்டும் சல்னேஸின் கூர்மையைச் சரியாகக் காட்டுபவை. தோ ஃபெர்ரெய்ரோவின் 'செபாஸ் வெய்யாஸ்' 200 ஆண்டுக்கு மேற்பட்டவை என்று சொல்லப்படும் கொடிகளிலிருந்து வருகிறது. பாசோ செஞ்ஞோரான்ஸின் 'செலெக்சியோன் தெ அன்யாதா' 30 மாதத்துக்கும் மேல் எஃகுத் தொட்டியில் வண்டலோடு இருந்தது. அல்பரீன்யோ முதிர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு புட்டி போதும். அதை வறுத்த மீனுக்கு நடுவே அவசரமாகத் திறந்துவிடாதீர்கள்.

குளிர்விப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். இளசு வகைக்கு 8 முதல் 10 டிகிரி, வண்டல் வகைக்கு 10 முதல் 12. அறை வெப்பத்தில் இருந்த புட்டி குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் இந்த அளவுக்கு வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். அவசரமென்றால் வாளியில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. புட்டியைக் கழுத்துவரை அமிழ்த்தினால் 20 நிமிடம் போதும். தண்ணீர் ஊற்றாமல் வெறும் பனிக்கட்டிக்குள் செருகினால் நேரம் பிடிக்கும், ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் காற்று குளிரைக் கடத்துவதில்லை. ராத்திரி முழுக்க 4 டிகிரியில் கிடந்த புட்டியை எடுத்தவுடன் ஊற்றினால் மணமே வராது. வெறும் புளித் தண்ணீராகத்தான் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். வெயில் காலத்தில் கண்ணாடிக் கோப்பையில் ஒயின் சீக்கிரம் சூடேறும். ஆகவே 100 மில்லிக்கு மேல் ஒரு முறைக்கு ஊற்றாமல், புட்டியை வாளியிலேயே வைத்திருப்பது நல்லது.

எதோடு பொருந்தும் என்பதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: தட்டில் உப்பு இருந்தால் ஒயின் மென்மையாகும், இனிப்பு இருந்தால் ஒயின் கடுப்பாகும். உப்பும் எண்ணெயும் ஒயினின் புளிப்பை அடக்கி அதன் பழ மணத்தை மேலே கொண்டுவருகின்றன. அதனால்தான் உப்புக் கடலில் விளைந்த சிப்பிக்கு இந்த ஒயின் அவ்வளவு ஒட்டுகிறது. இனிப்புச் சாஸ், தேன் தடவிச் சுட்டது, மாம்பழச் சட்னி ஆகியவற்றோடு இதே ஒயின் மெல்லியதாகவும் கசப்பாகவும் மாறிவிடும். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிவதும் தவறு. உணவு ஒயினைவிடப் புளிப்பாகிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். எலுமிச்சை செய்ய வேண்டிய வேலையை இந்த ஒயினே செய்யும். வினிகர் அதைவிட மோசம். கலீசியா டப்பாவில் அடைத்த சிப்பிக்குப் பேர்போன இடம். ஆனால் டப்பா வாங்கும்போது வினிகரும் பப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூளும் சேர்ந்த 'எஸ்கபேச்சே' வகையை விட்டுவிட்டு, உப்புநீரில் மட்டும் அடைத்த 'அல் நாத்துரால்' வகை மட்டியை எடுங்கள்.

சிவப்பு ஒயின் ஏன் ஒத்துவருவதில்லை என்பதற்கும் காரணம் தெரிந்திருக்கிறது. ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, சிப்பி சாப்பிட்டுக் குடிக்கும்போது வரும் கவிச்சி வாடைக்கு ஒயினில் கரைந்திருக்கும் இரும்பே முக்கியக் காரணம் என்று காட்டியது. சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு அதிகம். வெள்ளை என்பதாலேயே எந்த ஒயினும் தப்பித்துவிடாது, ஆனாலும் ஆபத்து குறைவு.

இனி சமையல். இளசு வகைக்கு முதலிடம் ஆவியில் வெந்த மசல் சிப்பிக்கு. ரீயாக்களில் யூக்கலிப்டஸ் மரச்சட்டத்தால் ஆன 'பாத்தேயா' என்ற மிதவைகளிலிருந்து 12 மீட்டர் வரை தொங்கும் கயிறுகளில் இதை வளர்க்கிறார்கள். இரண்டு பேருக்கு 1 கிலோ. உடைந்தவற்றையும், தட்டியும் மூடாமல் திறந்தே கிடப்பவற்றையும் எறிந்துவிடுங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நார்த்தாடியை ஓட்டின் இணைப்பு முனையை நோக்கி இழுத்துப் பிடுங்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் சதை கிழியும். அகலமான பாத்திரத்தில் 100 மில்லி ஒயின், ஒரு பே இலை, உப்பு வேண்டாம். பெரும் தீயில் மூடி வைத்தால் மூன்று நிமிடத்தில் திறக்க ஆரம்பிக்கும். திறக்கத் திறக்க இடுக்கியால் எடுத்துத் தட்டில் போடுங்கள். எல்லாம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் திறந்தது ரப்பராகிவிடும். ஆழமான குறுகிய பாத்திரத்தில் குவித்தாலும் இதே கதி, அடியில் உள்ளவை வெந்து சுருங்கும்போது மேலே உள்ளவை பச்சையாக நிற்கும். கடைசிவரை திறக்காதவற்றைச் சாப்பிடாதீர்கள். சமையலுக்கு ஊற்றும் ஒயின் அருந்துவதைவிட மலிவாக இருக்கலாம், ஓக் வாடை மட்டும் இருக்கக் கூடாது.

மட்டியை 'அ லா மரினேரா' முறையில் செய்தால் சாறு கெட்டியாகும், அதற்கு இரண்டு வகையும் பொருந்தும். அரைக் கிலோ மட்டியை லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்த குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கும். பிறகு கையால் அள்ளி எடுங்கள். நீரோடு சேர்த்து வடிகட்டியில் கொட்டினால் அடியில் படிந்த மணல் திரும்பவும் மட்டியின் மேலேயே விழும். மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் பொடியாக நறுக்கிய அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றைச் சிறு தீயில் பத்து நிமிடம் நிறம் மாறாமல் வதக்கி, ஒரு தேக்கரண்டி மைதா சேர்த்துப் பச்சை வாடை போகக் கிளறுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே அரைத் தேக்கரண்டி இனிப்புப் பப்ரிகாத் தூளைப் போட வேண்டும். சூடான எண்ணெயில் அது நொடிகளில் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பு ஒயினின் அடிக்கசப்போடு சேர்ந்து சாப்பாட்டையே கெடுத்துவிடும். உடனே 125 மில்லி ஒயினை ஊற்றி, மீண்டும் அடுப்பேற்றி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மட்டியைச் சேர்த்து மூடுங்கள். திறந்ததும் பார்ஸ்லி தூவி இறக்கலாம். உப்பை ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

ஆக்டோபஸ், அதாவது பேய்க்கணவாய், கலீசியாவின் பெருமை. 'புல்போ ஆ ஃபெய்ரா' என்றால் சந்தை ஆக்டோபஸ். 2 கிலோ எடையுள்ளதைக் குறைந்தது இரண்டு நாள் உறையவைத்து, ஒரு நாள் குளிர்பெட்டியில் உருகவிடுங்கள். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் தசைநாரை உடைத்து மெதுவாக்கும். முன்பு கல்லில் அடித்துச் செய்த வேலை இது. உப்பில்லாத கொதிநீரில் மூன்று முறை முக்கித் தூக்கிய பிறகு முழுதாக விடுங்கள். 40 நிமிடத்துக்குப் பிறகு கை உடலோடு சேரும் தடித்த இடத்தில் பல்குத்தியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் தீயை அணைத்து அதே நீரில் பத்து நிமிடம் வைத்திருங்கள். அதிகம் வெந்தால் தோல் உரிந்து தட்டு அசிங்கமாகும், குறைந்தால் மெல்லவே முடியாது. அந்த நீரிலேயே உருளைக்கிழங்கை வேகவைத்து, கத்திரிக்கோலால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய ஆக்டோபஸை அதன் மேல் வைத்து, கல் உப்பு, பப்ரிகாத் தூள், நல்ல ஆலிவ் எண்ணெய் என்ற வரிசையில் சேருங்கள். இதற்கு வண்டல் வகைதான் ஏற்றது. எண்ணெயும் கிழங்கும் சேர்ந்த கனத்துக்கு இளசு ஈடுகொடுக்காது. கலீசியச் சந்தைகளில் இதைச் சிவப்பு ஒயினோடு, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் வழக்கமும் பழையதுதான். அவர்களோடு வாதாட நான் தயாரில்லை.

நண்டும் பெர்செபெஸ் என்ற பாறைக் கொட்டலசும் உப்பு நீரைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. லிட்டருக்கு 60 முதல் 70 கிராம் உப்பு. பெர்செபெஸுக்கு அங்குள்ள கணக்கு: தண்ணீர் கொதித்ததும் போடு, மறுபடி கொதித்ததும் எடு. உயிருள்ள சிலந்தி நண்டைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும், கொதிநீரில் போட்டால் கால்களை உதிர்த்துவிடும். கொதி வந்த பிறகு கிலோவுக்குச் சுமார் 15 நிமிடம். இவற்றுக்கு சல்னேஸ் இளசு. விசிறிச் சிப்பியை வெங்காயம், ஹாம், ரொட்டித் தூளோடு சுட்டெடுக்கும் கலீசிய முறைக்கும், எம்பனாதா என்ற அடைத்த ரொட்டிக்கும் வண்டல் வகை. இரண்டிலும் வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு உண்டு, அதைத் தாங்கக் கனம் வேண்டும்.

காரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எர்போனில் விளையும் பாத்ரோன் மிளகாயை ஆலிவ் எண்ணெயில் தோல் கொப்பளிக்கும்வரை வறுத்துக் கல் உப்புத் தூவித் தருவார்கள். சிலது காரம், பலது இல்லை. அந்த அளவுக் காரத்துக்கு இளசு அல்பரீன்யோ அருமையாக இருக்கும். உறைக்கிற குழம்போடு நிலைமை வேறு. ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், புளி ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும். மிளகும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்த கணவாயோ இறாலோ என்றால் தாராளமாகத் திறக்கலாம்.

பாலாடைக்கட்டியில் தெத்தீயா என்ற வகையை எடுங்கள். பசும்பாலில் செய்தது, வெண்ணெய்போல் மிருதுவானது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைக்காவிட்டால் ரப்பராகவும் சுவையற்றும் இருக்கும். பிர்ச் மரப்புகையில் வாட்டிய சான் சிமோன் என்ற பாலாடைக்கட்டிக்கு முதிர்ந்த ஒயின் வேண்டும். கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) தண்ணீர்விட்டான் கீரைத்தண்டும் (ஆஸ்பராகஸ்) மேசையில் இருந்தால் இந்தப் புட்டியை மூடியே வையுங்கள், இரண்டும் ஒயினின் சுவையையே திரித்துவிடும்.

திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கையில் கோளாறு, வெட்டுப்பட்ட ஆப்பிள் வாடையும் கரும்மஞ்சள் நிறமும் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டையும் கடையில் திருப்பித் தரலாம். அடியில் கண்ணாடித் தூள்போல் மின்னும் படிகம் திராட்சையின் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அதற்காகத் திருப்பாதீர்கள். மிச்சத்தைச் சின்னப் புட்டிக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

அல்பரீன்யோ கிடைக்காவிட்டால் மீன்யோ ஆற்றின் மறுகரையில், போர்ச்சுகலின் மொன்சாவோ, மெல்காசோ ஊர்களில் 'அல்வரீன்யோ' என்ற பெயரில் அதே திராட்சை விளைகிறது, அதுவே நெருங்கிய மாற்று. ஸ்பெயினுக்குள்ளேயே வேண்டுமென்றால் மசல் சிப்பிக்குப் பாஸ்க் நாட்டின் சகோலியும், ஆக்டோபஸுக்கு வால்தியோராஸின் கொதேய்யோவும் சரியாக வரும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழைய புட்டி கண்ணில் பட்டால் மட்டும் கவனம். அங்கே அல்பரீன்யோ என்று நம்பி நட்ட கொடிகள் உண்மையில் சவான்யான் என்ற வேறு திராட்சை என்பது 2009-இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. அதற்கு முந்தைய லேபிள்களில் பழைய பெயரே இருக்கும்.